இரண்டு விரற்கடை இரும்பு

ஒரு இரும்பு வளையத்துக்காகக் கட்டின புருஷனையும் பெற்ற பெண்ணையும் விட்டுவிட்டுப் போனாள் என்று இனி ஒருவரும் வாயெடுக்க வேண்டாம். போனது உண்மை. காலை பத்து மணிக்கு, தெருவே பார்க்க, முன்வாசல் வழியாகத்தான் போனாள். எந்த லாட்ஜ், எத்தனையாவது மாடி, என்ன எண் அறை என்று மகள் கையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கள்ளத்தனமாக ஓடுகிறவள் அறை எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டா ஓடுவாள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மாடிவீட்டம்மா அடுத்த கதையை ஆரம்பிக்கட்டும்.

"ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா?" இதைச் சொன்னதும் அந்த அம்மாதான். வேலை செய்கிற இடத்தில் அவளுக்கு ஊசி என்று பட்டப்பேர். அது எப்படியோ தெருவுக்குத் தெரிந்துபோனது. பேரும் பழமொழியும் பொருந்தி வந்ததும் மாடிவீட்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் வாயை மெல்கிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பேர் எதனால் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாக்கு அப்படிப் புரண்டிருக்காது. கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பேச என்ன மிச்சம் இருக்கும்?

அவள் வெல்டர். ஆலைகளில் நீராவிக்குத் தண்ணீர் காய்ச்சுகிற பாய்லர் இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள் போய் விரிசலைப் பற்றவைக்கிற வேலை. அத்தனை பெரிய பாய்லருக்கு ஆள் நுழைய ஒரே ஒரு வாய்தான். எந்த ஆலைக்குப் போனாலும் அதே அளவு, முட்டையைப் படுக்கவைத்தது போல இருக்கும். நீளவாக்கில் இரண்டு சாணுக்கு இரண்டு விரல் குறைவு. குறுக்கே ஒரு சாணும் நாலு விரலும். ஒரு கையை மேலே நீட்டி, ஒரு தோளை முன்னால் சாய்த்து, மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, பாம்பு புற்றுக்குள் போவது போலப் போக வேண்டும். உள்ளே நிமிர இடம் இருக்காது. இரண்டு நாள் ஆறவிட்டாலும் சூடு இரும்புக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

மேஸ்திரியிடம் பத்துப் பேர் இருந்தார்கள். வெல்டிங் நன்றாகத் தெரிந்தவன் அந்த வாயில் நுழைய மாட்டான். நுழைகிறவனுக்குக் கை சுத்தம் போதாது. இரண்டும் சேர்ந்து வாய்த்தவள் அவள் ஒருத்தி. அவள் போட்ட வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தால் மீனின் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே சீராக இருக்கும். கையெழுத்துப் போலத்தான் அதுவும். தெரிந்தவர்களுக்கு யார் கை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஆலை நிற்கும்போதுதானே பாய்லரைத் திறக்க முடியும். இந்த வாரம் காகித ஆலை, அடுத்த வாரம் சாய ஆலை, அதற்கடுத்து எண்ணெய் ஆலை. வேனில் அரை நாள் உட்கார்ந்தே போக வேண்டும். போய் இறங்கினால் ஆலைக்குப் பக்கத்தில் எது மலிவோ அந்த லாட்ஜ். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, அதில் எண்ணெய் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும். அவளுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் ஒரு பெரிய வெல்டர். ராஜா மாதிரி இருந்தவர். இரண்டே வருஷம் வேனும் லாட்ஜும் கடைச் சாப்பாடும் அவரைப் பாய்லர் வாயை விடப் பெரிதாக்கிவிட்டன. அப்புறம் கம்பெனிக் கொட்டகையில் அவர் துடைப்பத்தோடு நின்றதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். பழகின தொழிலைக் கை மறக்காது, ஆனால் உடம்பு நன்றி கெட்டது, இரண்டு மாதம் கண்டுகொள்ளாவிட்டால் ஆளையே மாற்றிவிடும் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துபோயிற்று.

வெளியூரில் உடற்பயிற்சிக்கூடத்துக்கு எங்கே போவது? லாட்ஜ் அறை என்றால் கட்டில் போக மிச்சம் இருப்பது ஓர் ஆள் குப்புறப் படுக்கிற இடம். அது போதும் என்று வைத்துக்கொண்டாள். விடிகிற நேரத்தில் எழுந்து நாலு மாடிப் படியையும் பத்துத் தடவை ஏறி இறங்குவாள். ஐந்தாம் தடவையில் மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிற லாட்ஜ்காரர் கண்ணைத் திறப்பார்.

"என்னம்மா, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லைங்க, கொழுப்பைத் தொலைக்கிறேன்."

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தி, இரண்டு பாதத்தையும் கதவில் முட்டுக்கொடுத்து, முழங்கை இரண்டையும் தரையில் ஊன்றி, முதுகைப் பலகையாக்கிக் குப்புற நிற்பாள். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிச் சொட்டித் தரையில் உள்ளங்கையளவு ஈரம் சேரும்வரை அசைய மாட்டாள். கடிகாரமெல்லாம் கிடையாது, அந்த ஈரம்தான் அளவு. பிறகு இரண்டு தண்ணீர் கேனைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, அதன் சட்டத்தைப் பிடித்து மார்பைத் தூக்குவாள். புது லாட்ஜில் அறையைத் திறந்ததும் மற்றவர்கள் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். அவள் கட்டில் இரும்பா மரமா என்று தட்டிப் பார்ப்பாள். மரமென்றால் முகம் வாடிவிடும்.

சாப்பாடும் அப்படித்தான். டப்பாவில் ஊறவைத்த பயறு, தண்ணீர் காய்ச்சுகிற கெட்டிலில் அவித்த முட்டை. கெட்டிலில் முட்டை அவித்ததற்காக இரண்டு லாட்ஜில் சண்டை நடந்திருக்கிறது. மற்றவர்கள் பரோட்டாவைப் பிய்த்துப் போடுகிறபோது அவள் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள்.

"ஒரு வாய் சாப்பிடு ஊசி. கரைஞ்சா போயிடுவே?"

"கரைஞ்சாப் பரவால்ல. ஊறினாத்தான் கஷ்டம்."

சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவள் வயிறு நிறைந்து இலையை விட்டு எழுந்ததில்லை. பசியோடு வேனில் ஏறி, பசியோடு பாய்லருக்குள் இறங்கி, பசியோடு வந்து படுத்தாள். யாருக்காக இந்த இடுப்பு என்று கேட்டவர்களுக்கு இது தெரியாது.

அந்த வளையத்துக்கு வருவோம். அதை அவளே செய்தாள். கட்டைவிரல் கனத்தில் ஒரு கம்பியை எடுத்து, பாய்லர் வாயின்மேலேயே வைத்து வளைத்து, நீளப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் பற்றவைத்துச் சேர்த்தாள். எந்த ஊருக்குப் போனாலும் பையோடு அதுவும் போகும். காலையில் எல்லாப் பயிற்சியும் முடிந்தபிறகு ஒரு கையைத் தூக்கி, தோளைச் சாய்த்து, வளையத்தைத் தலைவழியே போட்டு இடுப்பைத் தாண்டிக் கால்வழியே எடுப்பாள். இடுப்பெலும்பில் உரசினால் அன்றைக்குப் பயறு மட்டும். உரசாவிட்டால் முட்டையும் உண்டு. கண்ணாடி முகத்தைக் காட்டும், தராசு எடையைச் சொல்லும், வேலை உண்டா இல்லையா என்று சொன்னது அந்த வளையம் ஒன்றுதான்.

பாய்லரை ஆறவைப்பது என்பது அடுப்பை அணைப்பது போல இல்லை. ஆலையை நிறுத்தி, நெருப்பை அணைத்து, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் ஆலைக்கு நஷ்டம். அதனால் ஆள் நுழைவாரா என்று முன்கூட்டியே நிச்சயம் செய்துகொள்ளாமல் எவனும் நெருப்பை அணைக்க மாட்டான். மற்றவர்களை மேஸ்திரி பாய்லர் வாயளவு ஓட்டை வெட்டின தகர அச்சு ஒன்றை வைத்து அளந்து பார்ப்பார். அவளை மட்டும் அளந்ததில்லை. போனில் ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

"ஏம்மா ஊசி, வளையம் என்ன சொல்லுது?"

"போகுது மேஸ்திரி."

அவ்வளவு போதும். போனை வைத்துவிட்டு ஆலைக்காரனிடம் "நெருப்பை அணைங்க" என்பார். எட்டு வருஷம் அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லுக்கு எத்தனையோ ஆலைகளின் நெருப்பு அணைந்திருக்கிறது. படித்தவர்களுக்குக் கையெழுத்து என்றால் அவளுக்கு அந்தச் சொல்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. மாடிப்படியில் ஏறி இறங்கினால் மாடிவீட்டம்மாவுக்குத் தலை வலிக்கும். கால்சட்டை போட்டுக்கொண்டு தண்ணீர் கேனைத் தூக்கினால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். நாற்பது வயதில் இவளுக்கு என்ன வந்தது, மாதத்தில் இருபது நாள் லாட்ஜில் யாரோடு என்று பேச்சு வளர்ந்தது. அவள் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தாள். விழுந்தது புருஷன் காதில்தான்.

அவன் மருந்துக்கடையில் வேலை பார்த்தான். அதிர்ந்து பேச மாட்டான். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. அவள் ஊருக்குக் கிளம்பும்போது பையில் சோப்பும் காயத்துக்குக் களிம்பும் எடுத்து வைப்பான். மகளுக்குத் தலை பின்னுவது முதல் சமையல்வரை அவன்தான். நல்ல மனுஷன் என்று தெருவே சொல்லும். அந்த நல்ல மனுஷனை டீக்கடையில் ஒருநாள் ஒருவன், "என்னப்பா, இன்னைக்கு உங்க வீட்ல என்ன சமைச்சே? வெல்டருக்கு எடுத்து வெச்சிருக்கியா, லாட்ஜுக்கே அனுப்பிட்டியா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான். அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த டீக்கடைக்கே போய் நின்றிருப்பாள். சொல்லாமல் உள்ளே வைத்து ஊறப்போட்டான்.

போன வருஷம் இரண்டு மாதம் வேலை வரவில்லை. எல்லா ஆலையும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம், எவனும் பாய்லரைத் திறக்கவில்லை. அவள் வீட்டில் இருந்தாள். வளையம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. முதல் வாரத்திலேயே ஒருநாள் காலையில் பார்த்தால் ஆணி காலி.

"துருப் பிடிச்சிருந்துச்சு. பெயின்ட் அடிக்கக் கொடுத்திருக்கேன்" என்றான் புருஷன்.

மறுநாள் மாலை கொண்டுவந்தான். பளபளவென்று சிவப்பு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"கலர் பாப்பாதான் சொன்னா. உனக்குச் சிவப்பு பிடிக்குமாமே."

கதவோரம் நின்ற மகள் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண், அம்மாவைப் போலவே ஒல்லி.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அந்த வேலையைப் பற்றி அவன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை, அது வேறு. இப்போது வளையத்துக்கு வர்ணம் பூசிக் கொண்டுவந்து நிற்கிறான். போனில் மேஸ்திரியிடம்கூடச் சொன்னாள், "வீட்டுக்காரர் வளையத்துக்குப் பெயின்ட் அடிச்சுக் கொடுத்திருக்காரு" என்று. மற்றப் பெண்கள் புருஷன் வாங்கிக் கொடுத்த நகையைச் சொல்லிக்கொள்வார்களே, அந்தக் குரலில்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால்தான் வயிறு எரிகிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற ஆரம்பித்தான். இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு துண்டு. முதல் இரண்டு நாள் தட்டைக் கையால் மறைத்தாள். காலையில் வளையத்தைப் போட்டுப் பார்த்தால் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது, முன்னைவிடச் சுலபமாக. வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டாது போல என்று நினைத்தாள். தட்டை மறைத்த கையை எடுத்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். மத்தியானம் மகள் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். கன்னம் கொஞ்சம் உப்பியது. படியில் பார்த்தபோது மாடிவீட்டம்மாகூட நின்று பேசினாள்.

"உடம்பு நல்லாத் தேறிடுச்சே. வளையம் நுழையுதா?"

"நுழையுதுக்கா."

மாடிவீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள். பல் வலி போல என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவள் வாழ்ந்த வாழ்வில் மனசு குளிர்ந்திருந்த நாட்கள் என்றால் அந்த இரண்டு மாதம்தான். அதையும் வைத்துக்கொள்ள விடவில்லை.

சாய ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. மேஸ்திரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் அப்போதே போய் வளையத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "போகுது மேஸ்திரி" என்றாள். ஆலை நின்றது. நெருப்பு அணைந்தது. இரண்டு நாள் ஆறியது.

மூன்றாம் நாள் காலையில் அவள் பாய்லர் வாயில் கையை நீட்டி, தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு உள்ளே போனாள். தலை போயிற்று, மார்பு போயிற்று. இடுப்பில் நின்றுவிட்டது. ஒரு நெம்பு நெம்பினாள். இன்னும் இறுகியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கைக்கு எட்டாத தூரத்தில், அவள் பற்றவைக்க வந்த விரிசல் தெரிந்தது. முடி மாதிரி ஒரு கோடு. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வெளியே இரண்டு கால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆலை ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தன் போனை எடுத்துப் படம் பிடித்தான். இன்னொருத்தன், "முழுகாம இருக்காங்களா என்னவோ, முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்றான். இரும்புக்குள் ஒவ்வொரு சிரிப்பும் இரண்டாகக் கேட்டது. சோப்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து, ஒரு பானைச் சோறு வேகிற நேரம் ஆயிற்று அவளை வெளியே எடுக்க. இரண்டு பக்க இடுப்பெலும்பின்மேலும் தோல் இல்லை.

ஆலை மேலாளர் மேஸ்திரியைப் பேசின பேச்சை இங்கே சொல்ல வேண்டாம். வேறு குழுவிலிருந்து ஒல்லியான ஆள் ஒருவனைக் கூட்டிவர ஒன்றரை நாள் பிடித்தது. அவன் போட்ட வெல்டிங் எப்படியிருந்ததோ, கடவுளுக்கு வெளிச்சம்.

கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தவள் வேனிலிருந்து வளையத்தை எடுத்துவரச் சொன்னாள். அதைப் பாய்லர் வாய்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்த வேண்டியது, குறுக்கே ஒரு விரற்கடை வெளியே நின்றது. மேஸ்திரியின் தகர அச்சை வைத்தாள். அது சரியாகப் பொருந்தியது. திரும்ப வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டை வடிவத்தின் இரண்டு முனையும் கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தன. கம்பிப் பிரஷ்ஷை எடுத்து முனையில் இருந்த சிவப்பைத் தேய்த்தாள்.

பெயின்ட்டுக்கு அடியில் வெட்டு இருந்தது. வெட்டுக்கு நடுவில் ஒரு விரற்கடை இரும்பைச் செருகி இரண்டு பக்கமும் பற்றவைத்திருந்தார்கள். மறு முனையிலும் அதேபோல. அவள் கை அது இல்லை. கோழி எச்சம் போட்ட மாதிரி சொட்டுச் சொட்டாக, மேடும் பள்ளமுமாக இருந்தது. அது யார் கை என்றும் அவளுக்குத் தெரிந்தது. தெருக்கோடியில் கேட் செய்கிற பட்டறைக்காரர் கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போட்ட ஒரு ஜன்னல் கம்பியைப் பார்த்து, "கோழி எச்சம் மாதிரி இருக்கே அண்ணா" என்று நாலு பேர் முன்னால் சொன்னவளும் அவள்தான்.

மேஸ்திரி வந்து நின்றார். அவள் வளையத்தைக் காட்டினாள். அவர் தடவிப் பார்த்தார். புரிந்துகொண்டார். புரிந்தும் என்ன?

"யார் வெட்டினா எனக்கென்னம்மா. உன் வளையம், நீ பார்க்கணும். எட்டு வருஷம் உன் வார்த்தைக்கு மேல நான் ஒரு அளவு கேட்டதில்ல. இனிமே அந்தக் கேள்வியே கிடையாது. நாப்பது நாள்ல எண்ணெய் ஆலை நிக்குது. வா. அச்சுல நுழைஞ்சு காட்டு. நுழைஞ்சா வேலை. இல்லேன்னா கொட்டகை."

கொட்டகை என்றதும் துடைப்பம் அவள் கண்முன் வந்தது.

பஸ் பிடித்து வந்து காலை எட்டு மணிக்குத் தெருவில் இறங்கினாள். வளையத்தைத் தோளில் மாட்டியிருந்தாள். பட்டறைக்காரர் அவளைப் பார்த்ததும் பார்க்காதது போலக் குனிந்து எதையோ தேடினார். டீக்கடையில் பேச்சு நின்றது. மாடிவீட்டம்மா வளையத்தைப் பார்த்தாள், அப்புறம் அவள் இடுப்பைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல் வலி இல்லை அது. இரண்டு மாதமாகத் தெரு முழுவதற்கும் தெரியும். அவள் ஒவ்வொரு காலையும் வளையத்தைப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் தெரியும்.

புருஷன் கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் வளையத்தை மேசைமேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"எதுக்கு?"

அவன் பொத்தானைப் போட்டு முடித்தான். மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"உன் நல்லதுக்குத்தான். நீ வயிறாரச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு? நான் பரிமாறினா நீ வளையத்தைத்தான் பார்ப்பே, என் முகத்தைப் பார்க்க மாட்டே."

"இது மட்டும்தானா?"

"வெளிய நாலு பேர் என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாது. நீ ஊர் ஊராப் போயிடறே. இங்க இருந்து கேக்கறவன் நான்."

"நான் உள்ளயே மாட்டிச் செத்திருந்தா?"

அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "மாட்டுவேன்னு யாரு நினைச்சா? அவங்க அளந்து பார்த்துட்டு, உடம்பு ஏறிடுச்சு, இனி வேணாம்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னுதான் நினைச்சேன். எல்லாரையும் அளப்பாங்கல்ல?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாறு வருஷம் கூட இருந்தவனுக்கு இது தெரியவில்லை. எல்லாரையும் அளப்பார்கள். அவளை மட்டும் அளக்க மாட்டார்கள். அவள் சொல் போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வீட்டுக்கு வெளியே அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அது. அது இருக்கிறது என்றுகூடத் தெரியாமலே அவன் அதை வெட்டி ஒட்டுப்போட்டிருக்கிறான். தெரிந்து செய்திருந்தால் சண்டை போடலாம். தெரியாதவனோடு என்ன சண்டை போடுவது?

வளையத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"உங்க மிஷினைக் கொஞ்சம் கொடுங்கண்ணா."

"அவருதான் சொன்னாரு, நான் செஞ்சேன். எனக்கென்னம்மா தெரியும்?" என்றார் பட்டறைக்காரர்.

"தெரியாமத்தான் தெருவெல்லாம் சொன்னீங்களா?"

அவர் மிஷினைத் தள்ளிவிட்டார். அவள் செருகின இரண்டு துண்டையும் அறுத்து எடுத்தாள். முனைகளைச் சேர்த்து, முகமூடியை இறக்கிக்கொண்டு, தன் கையாலேயே பற்றவைத்தாள். தெரு வேடிக்கை பார்த்தது. ஆறியதும் எழுந்து, எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி வளையத்தைத் தலைவழியே போட்டாள். இடுப்பில் நின்றது. காயத்தின்மேல் உரசி நின்றது. அவள் அதை மறைக்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல அப்படியே ஒரு கணம் நின்றாள். பிறகு கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போது சொல்லட்டும் தெரு, அன்றைக்கு ஒருவராவது "பாவம்" என்று சொன்னார்களா? "இதுக்குப் போயி" என்றார்கள். "ஒரு வளையம்தானே" என்றார்கள்.

வீட்டில் அவள் பை கட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியும்மா. அப்பாகூட நானும் பட்டறைக்குப் போனேன்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை விடவில்லை.

"நீ வீட்லயே இருப்பேன்னு அப்பா சொன்னாரு. இருந்தியேம்மா, ரெண்டு மாசம். என் பக்கத்துல படுத்துத் தூங்கினியே. நான் நினைச்சது தப்பா?"

"நினைச்சது தப்பில்லடா. என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா நின்னிருப்பியா?"

எந்தத் தாயாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பாள். அவள் யோசித்தாள். அவள் சொல்லில் இனி யாருக்கும் நம்பிக்கை இல்லை, மிச்சமிருப்பது இந்தப் பெண் ஒருத்திதான்.

"நின்னிருக்க மாட்டேன்."

மகள் தலை குனிந்துகொண்டாள். இவள் லாட்ஜ் பேரையும் அறை எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கம்பெனிக் கொட்டகைக்குப் பக்கத்துத் தெரு, நாலாம் மாடி. படி ஏறுவதற்காகவே போனில் நாலாம் மாடி கேட்டு வாங்கியிருந்தாள். கட்டில் இரும்பா என்றும் கேட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வா. நாப்பது நாள்தான். அப்புறம் என்னன்னு பார்ப்போம்."

"அப்புறம் இங்க வந்துடுவியா?"

அவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். தெரியாததை எப்படிச் சொல்வது?

புருஷன் கடைக்குப் போகவில்லை. சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றான். கையில் களிம்பு டப்பா இருந்தது, இடுப்புக் காயத்துக்கு. வழக்கம்போலப் பையில் வைக்க எடுத்திருக்கிறான், அப்புறம் எப்படி வைப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறான். அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். வெறுமையான உள்ளங்கையில் இரண்டு துண்டு இரும்பை வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை, ஒரு பக்கம் இன்னும் சிவப்பு.

"இது உங்களோடது."

"நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றான் அவன். அந்த நேரத்திலும் அவனுக்கு வந்த வார்த்தை அதுதான்.

"நீங்க நல்ல மனுஷன்னு சொல்வாங்க."

பையை எடுத்துக்கொண்டாள். வளையத்தைத் தோளில் மாட்டினாள். அந்த வீட்டு முன்வாசல் அகலமானது, இரண்டு பேர் கைகோத்துக்கொண்டே வெளியே போகலாம். அவள் ஒரு தோளை முன்னால் சாய்த்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, பழக்கத்தில் அப்படித்தான் வாசலைத் தாண்டினாள்.